தொரை படுக்கிற இடம்

வில்லாபுரம், மதுரை
2 மார்ச் 2025

பூச்சி,

உங்கப்பா கூப்புட்ட பேரச் சொல்லியே கூப்புடுறேன். இசைவாணின்னு எழுதுனா யாரோ ஆபீசரம்மாவுக்கு மனு எழுதுற மாதிரி இருக்கு. அஞ்சாப்போட நின்ன கை இது. கோணல் மாணலா இருக்கும், பாத்து வாசிச்சுக்க. போலீசு ட்ரெய்னிங்குல போன வாங்கி வச்சுக்கிட்டு, ஞாயித்துக்கெழம கொஞ்ச நேரம்தான் தாராகன்னு சொன்ன. அந்தக் கொஞ்ச நேரத்தையும் ரெண்டு பேரும் அழுதே தீத்துருறோம். அதான் பக்கத்து வீட்டு விஜயம் டீச்சர்கிட்ட கவர் வாங்கி எழுத உக்காந்தேன்.

உங்கப்பாவுக்கு முப்பதாம் நாளு கும்பிட்டாச்சு. உங்க அன்னக்கொடி அத்த எழுமலையில இருந்து முன்னாடியே வந்து, கூட இருந்து எல்லாத்தையும் செஞ்சாக. வீட்டுக்கு வெள்ளையடிச்சு, மஞ்சத்தண்ணி தெளிச்சு, அவரு படுத்த மெத்தை, தலகாணி, போர்வை அம்புட்டையும் கொண்டுபோயிப் போட்டாச்சு. இரும்புக் கட்டிலப் போட மட்டும் மனசு வரல. கழுவி வெளிய மாடிப்படிக்கு அடியில போட்டு வச்சிருக்கேன்.

வீடு தொடச்சு விட்ட மாதிரி இருக்கு. பக்கவாதம் வந்ததுல இருந்து ரெண்டு வருசமா அவரு வாயி பேசல. எடது கை மோதிரத்த வச்சுக் கட்டில் சட்டத்துல டங்கு டங்குன்னு தட்டுவாரே, அந்தச் சத்தம்தான் இந்த வீட்டுக்குப் பேச்சா இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. காது அடைச்ச மாதிரி இருக்கு.

நீ பஸ் ஏறயில, அப்பாவோட நாயி, உள்ளயே வச்சுக்கம்மான்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்குன. தொரை நல்லா இருக்கான். சோத்துக்கு ஒரு கொறவும் இல்ல. வாசக் கேட்டுக்கிட்ட காத்தாடப் படுத்துக்கிறான். உள்ள ஒரே புழுக்கம் பாரு.

நல்லாச் சாப்புடு. பரேடுல முன்னாடி நிக்காத, வெயில் அடிக்கும்.

முனீஸ்வரி
(அம்மான்னு போடணுமோ. அம்மா.)


15 மார்ச்

அம்மா,

உன் லெட்டர் வந்தது. எங்க ட்ரெய்னிங் பேரக்ஸ்ல லெட்டர் வந்த ஒரே ஆள் நான்தான். எல்லாரும் சுத்தி நின்னு என்னமோ காதல் கடிதம்னு பிடுங்கப் பார்த்தாளுங்க. "பரேடுல முன்னாடி நிக்காத"ன்னு படிச்சதும் சிரிச்சு உருண்டாளுங்க. உயரத்துக்குத்தான்மா நிக்க வைப்பாங்க. நான் அப்பா உயரம், முன்னாடிதான்.

காலையில ஓட்டம், அப்புறம் ட்ரில், அப்புறம் வகுப்பு. கால் ரெண்டும் என்னோடதா இல்லை. படுத்தா உடனே தூக்கம். அது ஒண்ணுதான் நல்லது, எதையும் நினைக்க முடியறதில்லை.

தொரை கேட்டுக்கிட்ட எதுக்குப் படுக்கிறான்? நாள் முழுக்க அங்கயா, கொஞ்ச நேரமா? ராத்திரி உள்ளதானே? அவனுக்கு வெயில் ஆகாது. வெள்ளைத் தோல், மூக்கெல்லாம் ரோஸ். சித்திரை வெயிலுக்கு முன்னாடியே உரிஞ்சுபோகும். அப்பா தட்டற சத்தம் இல்லாம அவனும் தவிச்சுப் போயிருப்பான். அவனோட கொஞ்சம் பேசு.

பூச்சி


வில்லாபுரம்
30 மார்ச்

பூச்சி,

நீ அப்பா ஒசரம்னு எழுதுனதப் படிச்சிட்டு டீச்சர்கிட்டப் போயிக் காமிச்சேன். அந்தம்மா, "ஒசரம் அவரு மாதிரி, வாயி உங்கள மாதிரி"ன்னு சொன்னாக. சொல்லட்டும்.

நான் மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பிச்சிட்டேன். அவனியாபுரத்துல அதே இட்டிலிக் கடைதான். மாவாட்டுற வேல. வீட்டுல சும்மா உக்காந்து செவத்தப் பாத்துக்கிட்டு இருந்தா பைத்தியம் புடிச்சிரும். ஷேர் ஆட்டோவுல ஏறுனா தெரிஞ்சவுக தள்ளித்தான் உக்கார்றாக. தாலி எறக்குனவ பக்கத்துல உக்காந்தா ஒட்டிக்கிரும் போல. போகட்டும், எடம் தாராளமாக் கெடைக்குது.

வீடு சுத்தமா இருக்கு. முந்தி கூட்டக் கூட்ட வெள்ளை முடியா வரும், சோத்துல கூடக் கெடக்கும். இப்ப ஒருதரம் கூட்டுனாப் போதும், ஒரு முடி இல்ல.

நீ கேட்டதுக்குச் சொல்றேன். எல்லாம் உள்ளதான். நாயி நாயாத்தான் இருக்கு. நீ உன் படிப்பப் பாரு.

அம்மா


20 ஏப்ரல்

அம்மா,

ஒரு முடி இல்லைன்னு நீ எழுதினப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

ஞாயித்துக்கிழமை போன் கையில வந்ததும் விஜயம் டீச்சருக்குத்தான் பேசினேன். அவங்க சொல்ல மாட்டேன்னாங்க. "உங்கம்மா மனசு சரியில்ல, விடு"ன்னாங்க. நான் விடலை. தொரையை மாடிப்படிக்குப் பக்கத்துல சங்கிலி போட்டு வச்சிருக்கியாம். நான் கிளம்பின மறுநாளே. உச்சி திரும்பினா அங்க நிழல் கிடையாதாம். பல நாள் தண்ணிச் சட்டி காய்ஞ்சு கிடந்து, டீச்சர் காம்பவுண்டு வழியா ஊத்தினாங்களாம். தலையை மட்டும் அப்பா கட்டிலுக்கு அடியில நுழைச்சுக்கிட்டுப் படுத்திருப்பானாம், உடம்பு வெயில்ல கிடக்குமாம்.

மெத்தை தலகாணியோட அவனையும் வெளிய போட்டுட்டியா?

பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை. "எல்லாம் உள்ளதான்"னு எழுதறதுக்கு உனக்குக் கை எப்படி வந்தது? எழுதத் தெரியாதுன்னு சொல்லுவியே, இதை மட்டும் கோணாம எழுதியிருக்க.

பாஸிங் அவுட் பரேடுக்கு வீட்டு ஆளுங்களைக் கூப்பிடுவாங்க. நீ வர வேண்டாம்.

இசைவாணி


வில்லாபுரம்
27 ஏப்ரல்

இசைவாணிக்கு,

சரி, அப்படியே எழுதுறேன்.

டீச்சருக்கு என்ன, புருசன் பென்சன் வருது, வாசல்ல நின்னு அடுத்த வீட்டு நாய எண்ணிக்கிட்டு இருப்பாக. நான் மாவு ஆட்டி கையெல்லாம் வெந்து போயி வாரேன். எனக்கு ஒரு சொம்புத் தண்ணி தர ஆளில்ல, நாய்க்குச் சட்டி காஞ்சிருச்சுன்னு பஞ்சாயத்து.

என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. நீ போயிட்ட. முப்பதுக்கு முன்னாடி வெள்ளையடிச்சு, மஞ்சத்தண்ணி தெளிச்சு முடிக்கயில, நாயி கட்டிலுக்கு அடியில இருந்து வர மாட்டேங்குது. உங்க அத்த இடுப்புல கைய வச்சு நின்னுக்கிட்டுக் கேட்டாக. "ஏ முனீஸு, எங்கண்ணன் படுத்த மெத்தையப் போட்டாச்சு, போத்துன போர்வையப் போட்டாச்சு. அவரோட படுத்த நாய மட்டும் எதுக்கு உள்ள வச்சிருக்கவ? அதுலயும் தீட்டு இருக்குல்ல?"

நான், "நாய என்ன செய்ய மதினி, ஆத்துலயா விட முடியும்"னேன்.

"ஆத்துல விடச் சொல்லல. வாசலுக்கு வெளிய விடச் சொல்றேன். நாய்முடி கெடக்குற வீட்டுல எவ வந்து கை நனைப்பா? நீயே தின்னுட்டு நீயே ஏப்பம் விட்டுக்க"ன்னாக.

ஊர்ச் சனம் வேன்ல வந்து எறங்கப் போகுது. தாலி எறக்குனவ வீட்டுக்கு வர்ற சனமே கொஞ்சம். அதையும் நாய்க்காக எழந்துட்டு நிக்கச் சொல்றியா? வெளக்கமாத்த எடுத்தேன். ரெண்டு போடு போட்டதும் வெளிய போயிருச்சு.

அதுவும் போக, ஆறு வருசத்துக்கு முன்னால ராசபாளையத்துக்கு லோடு எறக்கப் போன எடத்துல உங்கப்பா துண்டுல சுத்திக் கொண்டாந்த குட்டி அது. காவலுக்குன்னுதான் கொண்டாந்தாரு. அவரு நல்லா இருந்த வரைக்கும் வெளியதான கெடந்துச்சு? அவரு படுத்ததுக்கு அப்பறம் உள்ள கூட்டியாந்து பழக்குனது நீ. அம்புட்டுப் பெரிய நாயி, கன்னுக்குட்டி கணக்கா, ஒத்த அறை வீட்டுல குறுக்க மறுக்கக் கெடந்தா நான் எங்கிட்டு நடக்க? தொரைன்னு பேரு வச்சாத் தொரை ஆயிருமா?

கட்டிலு மேல சாக்குத் தொங்க விட்டிருக்கேன். நெழலுக்கு.

பரேடுக்கு வரலன்னா என்ன. இட்டிலிக் கடையில லீவு தர மாட்டாக.

முனீஸ்வரி


6 மே

அம்மா,

அப்ப வெளிய வேப்பமரம் இருந்தது. அப்பா வைத்தியச் செலவுன்னு அந்தப் பக்கத்தை வித்தப்ப மரத்தை வெட்டிட்டாங்க. அப்ப சங்கிலி கிடையாது. அப்ப அவன் ராத்திரி அப்பா லாரிச் சத்தத்துக்குக் காத்துக்கிட்டு இருப்பான். ரெண்டு வருஷம் ஒருத்தர் கைக்கடியில படுத்துத் தூங்கின ஜீவனைப் பழையபடி வாசல்ல படுன்னா எப்படிம்மா படுக்கும்?

அத்தை மேல போடாத. கல்யாணமானதுல இருந்து அத்தை சொல்லி நீ எதைக் கேட்டிருக்க? எனக்கு மொட்டை எடுக்கச் சொன்னாங்க, கேட்டியா? பத்தாவதோட நிறுத்தச் சொன்னாங்க, கேட்டியா? வீட்டு வாசல்ல நின்னு "உங்க வீட்டு நியாயத்த எழுமலையில போயிப் பேசுங்க மதினி"ன்னு சொன்னவ நீ. முப்பது முடிஞ்சு சனம் போனதுக்கு அப்புறமாவது அவனை உள்ள விட்டிருக்கலாம்ல?

ஏன் விடலைன்னு உனக்குத் தெரியும். அதை எழுது. வேற எதையும் எழுதாத.

இசை


வில்லாபுரம்
13 மே

பூச்சி,

இத வாசிச்சிட்டு நீ என்னைய வையலாம். நேருல இருந்தா அடிக்கக்கூடச் செய்யலாம்.

நேத்து அழகர் ஆத்துல எறங்குறதப் பாக்கப் போனேன். உங்கப்பாவுக்காக வேண்டிக்கிட்டது ஒண்ணு இருந்துச்சு. போகயில சட்டி நெறையாத் தண்ணி வச்சுட்டுத்தான் போனேன், இது சத்தியம். கூட்டத்துல மாட்டி, பஸ் கெடைக்காம, திரும்பி வாரதுக்கு வெயில் உச்சியத் தாண்டிருச்சு. டீச்சர் காம்பவுண்டு ஏறிக் குதிச்சு உள்ள நிக்கிறாக. அந்த வயசுல. புடவையெல்லாம் சுண்ணாம்பு. வாளியில மோந்து மோந்து தொரை மேல ஊத்திக்கிட்டு இருக்காக. சட்டி கவுந்து கெடக்கு. நாயி நாக்கத் தொங்கப் போட்டுச் சரிஞ்சு கெடக்கு. என்னையப் பாத்து வால மட்டும் ஒருக்கா ஆட்டுச்சு. அது ஆட்டாம இருந்திருக்கலாம்.

ஆட்டோக்காரன், "அக்கா, நாயெல்லாம் ஏத்த முடியாதுக்கா, சீட்டு வீணாயிரும்"னுட்டான். பால் கேன் ஏத்துற குட்டியானை வண்டிக்காரன்தான் எறங்கி வந்து தூக்கிப் போட்டான். ஈரச் சாக்கப் போத்தி, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பின்னால நான் அதோட தலைய மடியில வச்சு உக்காந்திருந்தேன். எம்புட்டுப் பெரிய தல. இம்புட்டு வருசத்துல அத நான் தொட்டதே இல்ல.

டாக்டரு சின்ன வயசு. கழுத்துப் பட்டையக் கழட்டுனாரு. அதுக்குக் கீழ தோலே இல்ல பூச்சி. புழு வச்சிருந்துச்சு. "எம்புட்டு நாளாம்மா இப்படி?"ன்னாரு. சோறு வைக்கயில தட்டத்தான் பாத்திருக்கேன். நாயப் பாக்கல.

"யாரு நாயி?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"அவர வரச் சொல்லுங்க. இப்படி வளக்குறதுக்கு எதுக்கு வளக்கணும்னு கேக்கணும்."

டீச்சர் வாயத் தொறந்தாக. நான் கையப் புடிச்சு அழுத்திட்டேன். "வரச் சொல்றேன் சார்"னு சொல்லிட்டு நின்னேன். செத்த மனுசன் மேல பழியப் போட்டுட்டு, முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். வெளிய வந்ததும் டீச்சர் என் கையில இருந்து அவுக கைய உருவிக்கிட்டாக. அவுக வஞ்சிருந்தாத் தேவல.

உசுரு இருக்கு. ஊசி போட்டிருக்கு. புண்ணுக்கு மருந்து தந்திருக்காக. சங்கிலியக் கழட்டிச் சாக்கடையில வீசிட்டேன்.

நீ கேட்டத எழுத முடியல. எழுத ஒக்காந்தா கை வேற எங்கயோ போகுது.

அம்மா


24 மே

அம்மா,

லெட்டரைப் படிச்சிட்டு ட்ரில்லுக்குப் போனேன். இடது வலது மாறிப் போச்சு. மாஸ்டர் கிரவுண்டைச் சுத்த விட்டார். நல்லதாப் போச்சு, ஓடறப்ப முகத்துல என்ன வழியுதுன்னு யாருக்கும் தெரியாது.

சாப்பிடறானா? மூக்குல தேங்காய் எண்ணெய் தடவு. தயிர்சோறு கொடு, கையில எடுத்து நீட்டு, தட்டுல வைக்காத.

உன்னை மட்டும் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கு. அவனை உள்ள கூட்டிக்கிட்டு வந்தது நான், கூட்டற வேலை உனக்கு. அப்பாவைப் பார்த்துக்கிட்டதும் நீதான். நான் காலேஜ் விட்டு வந்து அப்பா பக்கத்துல உட்கார்ந்து கதை பேசுவேன், நீ பெட்பேன் கழுவுவ. வேலை வந்ததும் அவனை உன் தலையில கட்டிட்டுப் பஸ் ஏறிட்டேன். லீவு கேட்டிருக்கேன். நாய்க்கு உடம்பு சரியில்லைன்னு லீவு கேட்ட முதல் ஆள் நான்தானாம். கிடைக்காது.

பரேடுக்கு ரெண்டு பாஸ் தருவாங்க. எடுத்து வைக்கறேன். அவன் உள்ள படுத்தான்னு நீ எழுதினா அனுப்பறேன். பொய் எழுதினா எனக்குத் தெரிஞ்சிரும்.

பூச்சி


வில்லாபுரம்
8 ஜூன்

பூச்சி,

புண்ணு ஆறுது. மூக்குத் தோல் புதுசா வருது, கொழந்த ஒதடு மாதிரி இருக்கு. என் கையில இருந்து தயிர்சோறு திங்கிறான். ஆனா உள்ள வர மாட்டேங்குறான். அதத்தான் மொதல்ல சொல்லணும்.

கதவத் தொறந்து போட்டு வச்சேன். "தொரை, வாடா"ன்னு கூப்புட்டேன். வாசப்படிக்கு வெளிய நின்னு என் மொகத்தையே பாக்குறான். கறி வாங்கியாந்து வச்சேன். எச்சி ஒழுக நின்னான், கால எடுத்து வைக்கல. மழைச் சாரல் அடிச்ச அன்னைக்கும் நனைஞ்சுக்கிட்டே நின்னான். வெளக்கமாத்தால பத்துனவ கூப்புட்டா எது வரும். கதவு ஓரத்துல சாஞ்சிருந்த அந்த வெளக்கமாத்த எடுத்துப் பொறவாசலுக்குக் கொண்டு போனேன். அப்பவும் வரல.

உங்க அத்த போன் பண்ணுனாக. "நாய்க்கு வைத்தியமாமே, அடுத்து அதுக்குக் காதுகுத்தா"ன்னு கேட்டாக. "உள்ளதான் மதினி படுக்கப் போகுது. நீங்க வந்தா வாசல்ல நாற்காலி போடுறேன்"னேன். வச்சுட்டாக.

நேத்து டீச்சரும் நானும் கட்டிலத் தூக்கி உள்ள கொண்டாந்தோம். பழைய எடத்துலயே போட்டோம். டீச்சர் போனதுக்கப்பறம் அதுல ஏறி உக்காந்தேன். அந்தக் கட்டில்ல நான் உக்காந்தது அதுதான் மொதத் தடவை.

இப்ப நீ கேட்டத எழுதுறேன்.

உங்கப்பா விழுந்த புதுசுல மோதிரத்தால தட்டுவாரு, நான் ஓடுவேன். தண்ணியா, திரும்பிப் படுக்கணுமா, ஒண்ணுக்கா, கண்ணப் பாத்தே கண்டுபுடிப்பேன். சில நேரம் ஒண்ணும் வேணாம்னு கண்ண மூடித் தொறப்பாரு. சும்மாத்தான் தட்டியிருப்பாரு. அப்ப கொஞ்ச நேரம் பக்கத்துல நிப்பேன். பொறவு நீ தொரைய உள்ள கூட்டியாந்த. அவரு தட்டுவாரு. அடுப்படியில இருந்து நான் கையத் தொடச்சுட்டு வாரதுக்குள்ள இவன் கட்டிலுக்கு அடியில இருந்து எந்திரிச்சு, தலைய அவரு கைக்கடியில கொடுத்திருவான். தட்டுறது நின்னுபோகும். நான் ஈரக் கையோட நெலப்படியில நிப்பேன். அவரு அவன் காதத் தடவிக்கிட்டு இருப்பாரு.

சரி, நாயத்தான் கூப்புடுறாரு போலன்னு நெனச்சேன். இருபத்திநாலு வருசம் சோறு போட்டவ, பீ மூத்திரம் அள்ளுறவ நானு, கூப்புடுறது நாய. வெக்கமா இருந்துச்சு. யார்கிட்டச் சொல்ல முடியும், நாய்க்குப் பொறாமப்படுறேன்னு. அதுல இருந்து தட்டுனா நான் போறதில்ல. "தொரை, ஒன்னையத்தான் கூப்புடுறாக, போ"ன்னு அங்க இருந்தே சொல்லுவேன். குத்தலாத்தான் சொல்லுவேன். அவரு காதுல விழணும்னுதான் சொல்லுவேன். அவரு தலையத் திருப்பி அடுப்படிப் பக்கம் பாப்பாரு. கஞ்சி ஊட்ட, தொடச்சு விட மட்டும் நேரத்துக்குப் போவேன். வேலையில ஒரு கொற வச்சது கெடையாது.

அந்தக் கடைசி நாளும் தட்டுனாரு. நான் முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தேன். "போடா, ஒங்க ஆளு கூப்புடுறாரு"ன்னேன். தொரை போனான். சத்தம் நின்னுச்சு. கீரைய உருவி முடிச்சு, கஞ்சியக் கலக்கிக்கிட்டுப் போயிப் பாக்கயில அவரு இல்ல. கை மட்டும் அவன் தல மேல இருந்துச்சு. அதுக்குத்தான் பூச்சி அவன வெளிய போட்டேன். தீட்டுக்கும் இல்ல, முடிக்கும் இல்ல. கடைசியா அவரு தொட்டது அவன. அதப் பாத்துக்கிட்டே நான் இந்த வீட்டுல இருக்க முடியல.

அவரு மோதிரத்த நூல் சுத்தி என் வெரல்ல போட்டிருக்கேன். நேத்து கட்டில்ல உக்காந்து அதால சட்டத்துல தட்டுனேன். அவரு மாதிரியே, மெதுவா. வெளிய காது ரெண்டும் எந்திரிச்சுச்சு. மறுபடி தட்டுனேன். வாசப்படியத் தாண்டி வந்துட்டான். வந்து கட்டிலச் சுத்திச் சுத்தி மோந்து பாத்தான். தலமாட்டப் பாத்தான், கால்மாட்டப் பாத்தான், என் முதுகுக்குப் பின்னால எட்டிப் பாத்தான். அவரு அங்க இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டுத் திரும்பிப் போயிருவானோன்னு நான் பயந்துக்கிட்டே தட்டுறேன். அப்பறம் வந்து தலைய என் கைக்கடியில வச்சான்.

வச்சதும் என் கை தானா நின்னுபோச்சு. எனக்கு இன்னும் தட்டணும்போல இருந்துச்சு. நான் அவனக் கூப்புடவே இல்ல, கடைசில பாத்தா வேற ஆளத்தான் கூப்புட்டுக்கிட்டு இருந்தேன். ஆனா அம்புட்டுப் பெரிய சூடான தல கைக்கடியில வந்து ஒக்காந்துட்டா, அதுக்கு மேல எப்படித் தட்டுறது.

அவன் இப்ப உள்ளதான் படுத்திருக்கான். கட்டிலுக்கு அடியில. பொய் இல்ல. இந்தக் கவருக்குள்ள ஒரு வெள்ளை முடி வச்சிருக்கேன், பாத்துக்க. பாஸ் அனுப்புறதும் அனுப்பாததும் உன் இஷ்டம்.

நீ காலேஜ் விட்டு வந்து அவரு பக்கத்துலயே உக்காந்திருப்ப, அவரு கண்ணு பாத்த தெசையெல்லாம் பாத்திருப்ப. அதான் கேக்குறேன். அந்த ரெண்டு வருசமும் உங்கப்பா தட்டிக் கூப்புட்டது தொரையையா பூச்சி, இல்ல, என்னையவா?